சட்டியை மூடி அவியுங்கள்: கறிச் சரக்கின் வாசனை எண்ணெயும் அழற்சியும்

தடிமன் பிடித்த பிள்ளைக்குக் கொத்தமல்லி அவிக்கிறபோது வீடு முழுக்க மணக்கிறதா? அப்படியென்றால் கோப்பைக்குள் இருக்கவேண்டியதில் ஒரு பங்கு யன்னல் வழியே போய்க்கொண்டிருக்கிறது. அந்த மணந்தான் வாசனை எண்ணெய். சட்டியில் ஒரு மூடி இருந்திருந்தால் ஆவி அதில் முட்டி, குளிர்ந்து, துளியாகித் திரும்ப உள்ளே விழுந்திருக்கும்.

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கொழுப்பு. கடதாசியில் விழுந்தால் கறை அப்படியே நிற்கும். கராம்பு, கறுவா, ஏலம், கறிவேப்பிலை, கற்பூரவள்ளி ஆகியவற்றுக்குள் இருக்கும் எண்ணெய் வேறு சாதி. சின்னச் சின்ன மூலக்கூறுகள், காற்றில் பறக்கக்கூடியவை, நீரில் கொஞ்சமே கரைபவை, கொழுப்பில் நன்றாகக் கரைபவை. கற்பூரவள்ளி இலையைத் தடவினாலே கை மணக்கிறது. இலையின் மேலிருக்கும் நுண்ணிய மயிர்களின் நுனிப் பைகள் உடைந்து எண்ணெய் வெளிவருவதுதான் காரணம். கறிவேப்பிலையில் அந்தப் பைகள் இலைக்கு உள்ளே இருக்கின்றன. அதனால்தான் அதைக் கிள்ளியோ கசக்கியோ போடவேண்டியிருக்கிறது.

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்குக் கறுவா இலையிலிருந்து கொதிநீராவியால் எண்ணெய் வடிக்கும் பரிசோதனை நினைவிருக்கும். அந்த எண்ணெயின் முதன்மைப் பொருளான யூஜினோல் தனியாகக் கொதிக்க ஏறத்தாழ 254 பாகை செல்சியசு வேண்டும். ஆனாலும் கொதிக்கும் தண்ணீரோடு சேர்ந்து 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே அது ஆவியோடு கிளம்பிவிடும். இரண்டின் ஆவியமுக்கமும் கூடி வெளி அமுக்கத்தை எட்டுவதுதான் கணக்கு. கொத்தமல்லிச் சட்டியில் நடப்பதும் இதே வடிப்புத்தான்; வடித்ததைப் பிடிக்க மட்டும் ஆளில்லை.

அழற்சி என்பது என்ன, என்ன இல்லை

மீன்முள் குத்திய விரலைப் பாருங்கள். சிவக்கும், சுடும், வீங்கும், நோகும். இந்த நாலு அடையாளத்தையும் 1ஆம் நூற்றாண்டிலேயே செல்சஸ் என்ற ரோமர் எழுதிவைத்துவிட்டார். அழற்சி என்பது இதுதான். அது நோயல்ல, உடம்பின் காவல் வேலை. காயப்பட்ட இடத்துக்கு வெள்ளைக் கலங்கள் ஓடிவருகின்றன, டி.என்.எஃப், இன்டர்லியூக்கின் போன்ற செய்திப் பொருட்களை விடுகின்றன. குருதிக் குழாய் விரிகிறது. கூடவே கொக்ஸ் என்ற நொதியம் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருளை உண்டாக்குகிறது. சூட்டுக்கும் நோவுக்கும் பெரும்பங்கு அதனுடையது. அஸ்பிரின் இந்த நொதியத்தைத்தான் தடுக்கிறது என்று பிரித்தானிய மருந்தியலாளர் ஜோன் வேன் 1971இல் காட்டினார். 1982இல் அதற்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காயம் ஆறியதும் காவல் கலையவேண்டும். கலையாமல் மாதக்கணக்கில் நின்றால்தான் தொல்லை: மூட்டுவாதம், தொய்வு, முரசு வீக்கம்.

ஆகவே ஒரு பொருளுக்கு ‘அழற்சி எதிர்ப்பு’ இருக்கிறது என்றால் மேலே சொன்ன சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணியை அது தளர்த்துகிறது என்று பொருள். கிருமியைக் கொல்வது வேறு. மரக்கச் செய்வது வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் இந்த விடயத்தில் நடக்கும் மிகப்பெரிய பிழை. பல்லுக் குத்துக்குக் கராம்பு வைத்தால் நோவு குறைவது பெரும்பாலும் யூஜினோல் நரம்பை மரக்கச் செய்வதால். சொத்தைப் பல்லின் அடியில் சீழ் கட்டிக்கொண்டேயிருக்கும். நோவு இல்லையென்று இருப்பவர் ஒரு கிழமை கழித்துக் கன்னம் வீங்கி நிற்பார்.

எந்தச் சரக்கில் எது

கராம்பு மொட்டில் நிறையில் 15 முதல் 20 வீதம் வரை எண்ணெய். குசினியில் இவ்வளவு எண்ணெய் உள்ள சரக்கு அரிது. அந்த எண்ணெயில் ஐந்தில் நாலு பங்கு அளவுக்கு யூஜினோல். கறுவாவில் ஒரு வேடிக்கை உண்டு: பட்டையில் வடித்தால் சினமல்டிகைட்டு, இலையில் வடித்தால் யூஜினோல். ஒரே மரம், இரண்டு வேறு எண்ணெய்கள். போத்தலில் ‘கறுவா எண்ணெய்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது எதுவென்று தெரியாது. தோலில் இவை நடந்துகொள்ளும் விதமோ வேறு வேறு. கலங்களில் செய்த சோதனைகளில் யூஜினோல் புரொஸ்டகிளாண்டின் உற்பத்தியைக் குறைத்திருக்கிறது. சினமல்டிகைட்டு, அழற்சி மரபணுக்களை ஏவிவிடும் என்.எஃப்-கப்பா-பி என்ற ஆளியை அடக்கியிருக்கிறது.

கற்பூரவள்ளியில் பெயரைத் தவிரக் கற்பூரத்துக்குப் பெரிய வேலை இல்லை. அதன் மணம் கார்வக்ரோல், தைமோல் என்ற இரண்டினது. ஓமத்திலும் தைமோல்தான் முதன்மை. கற்பூரவள்ளியைக் கசக்கினால் ஓமம் மணப்பது அதனால். ஏலத்தில் சினியோல், யூக்கலிப்டசு எண்ணெயில் இருக்கும் அதே பொருள். கொத்தமல்லி விதையில் லினலூல், பெருஞ்சீரகத்தில் அனெத்தோல், தேத்தண்ணியில் போடும் எலுமிச்சைப் புல்லில் சிட்ரால்.

ரம்பைக்கு இந்த வரிசையில் இடமில்லை. பாசுமதி அரிசியின் மணத்துக்குக் காரணமான அதே பொருள்தான் ரம்பையிலும் மணக்கிறது. மூக்கு அதை நுணுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அளவு மிகமிகச் சொற்பம். கறியில் கிடந்து மணக்கட்டும், அதற்குமேல் அதனிடம் கேட்கவேண்டாம்.

மிளகு, கராம்பு, கறிவேப்பிலை மூன்றிலும் பொதுவாக இருப்பது பீற்றா-காரியோஃபிலின். 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு இது உடம்பிலுள்ள சி.பி.2 என்ற ஏற்பியில் (கலத்தின் மேலிருக்கும் பூட்டு மாதிரி ஒன்று) போய் ஒட்டிக்கொள்வதைக் காட்டியது. கஞ்சாப் பொருட்கள் ஒட்டும் இரண்டு ஏற்பிகளில் இது ஒன்று, ஆனால் போதை தருவது மற்றது. சுண்டெலிகளுக்குக் கிலோ நிறைக்கு 5 மில்லிகிராம் வாயால் கொடுத்தபோது வீக்கம் நன்றாகக் குறைந்தது. அந்த ஏற்பி இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில் குறையவில்லை. எண்ணெய் எந்தப் பூட்டைத் திறக்கிறது என்பது இவ்வளவு சுத்தமாகத் தெரிந்த சந்தர்ப்பங்கள் குறைவு.

போத்தலுக்குள் வராதவை

இஞ்சியின் உறைப்பு ஜிஞ்சரோல். மஞ்சளின் நிறம் குர்குமின். மிளகின் காரம் பிப்பரின். அழற்சி பற்றிய பேச்சில் அதிகம் அடிபடும் பெயர்கள் இவைதான்; ஆனால் இந்த மூன்றும் ஆவியில் பறக்கமாட்டா. நீராவியால் வடித்த மஞ்சள் எண்ணெயில் குர்குமின் கிடையாது, இஞ்சி எண்ணெய் நாக்கில் உறைக்காது. ‘குர்குமின் நிறைந்த வடித்த மஞ்சள் எண்ணெய்’ என்று யாராவது விற்றால் அவருக்குத் தன் சரக்கே தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாம். மாறாக, முழு மஞ்சளும் மிளகும் போட்ட மீன் ஆணத்தில் பறப்பதும் இருக்கிறது, பறக்காததும் இருக்கிறது. வடித்த எண்ணெய் என்பது மூலிகையின் சுருக்கம் அல்ல. அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் பல மடங்கு ஆக்கியது.

எலியின் பாதமும் பிளேன்டீக் கோப்பையும்

இந்த எண்ணெய்களைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை இரண்டு வகை. ஒன்று, சுண்டெலியின் வெள்ளைக் கலங்களைத் தட்டில் வளர்த்து, பற்றீரியாவின் மேலுறைப் பொருளால் சீண்டி, எண்ணெயை விட்டு, கலங்கள் எவ்வளவு கொதிக்கின்றன என்று அளப்பது. மற்றது, எலியின் பாதத்தில் கராஜினன் என்ற பொருளை ஏற்றி வீங்கவைப்பது. சிவப்புக் கடற்பாசியில் கிடைக்கும் கராஜினன் ஐஸ்கிறீமைக் கட்டியாக்கவும் பயன்படுகிறது. ஊசியால் ஏற்றினால் சில மணி நேரத்தில் பாதம் பருத்துவிடும். முன்னரே எண்ணெய் கொடுத்த எலியில் வீக்கம் குறைவாக இருந்தால் ‘அழற்சி எதிர்ப்பு உண்டு’ என்று எழுதப்படுகிறது.

எழுதியது பொய்யல்ல. ஆனால் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்க்காமல் தலைப்பை மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம். ஓர் எலிக்குக் கிலோ நிறைக்கு 100 மில்லிகிராம் கொடுத்தார்கள் என்று வையுங்கள். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற ஏறத்தாழ 6.2ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்கு 16 மில்லிகிராம் வரும்; 60 கிலோ ஆளுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் தனி எண்ணெய். எந்தக் கறியிலும் அவ்வளவு சேராது.

மனிதரில் நடந்த ஒரு சோதனையை எடுத்து இதை இன்னும் நெருக்கமாகப் பார்க்கலாம். 2003இல் வெளிவந்த ஜேர்மன் ஆய்வு அது. தொய்வுக்காக, அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட்டு மாத்திரையை விடமுடியாமல் இருந்த 32 பேரில் ஒரு பகுதியினருக்குச் சினியோல் 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தரம், 12 கிழமை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் குளிகை. சினியோல் எடுத்தவர்களால் ஸ்டீரொயிட்டு அளவைச் சராசரியாக 36 வீதம் குறைக்க முடிந்தது. மற்றவர்களால் 7 வீதந்தான். சின்ன ஆய்வு என்றாலும் நல்ல ஆய்வு.

இனி அதை ஏலக்காயில் எண்ணிப் பார்ப்போம். ஒரு காயின் விதைகள் ஏறத்தாழ 0.14 கிராம். அதில் 6 வீதம் எண்ணெய் என்றால் 8 மில்லிகிராம் சொச்சம்; அதில் மூன்றில் ஒரு பங்கு சினியோல் என்றால் 3 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆய்வில் கொடுத்த 600 மில்லிகிராமுக்கு நாளொன்றுக்கு இருநூறு ஏலக்காய்க்கு மேல் வேண்டும். பிளேன்டீயில் தட்டிப்போடுவது ஒன்று. விலையை நினைத்தாலே நெஞ்சு அடைக்கும்! ஏலத் தேத்தண்ணி குடிப்பது நல்ல பழக்கம். அதை நம்பித் தொய்வுப் பம்பை மேசைக்குள் வைத்துப் பூட்டக்கூடாது.

காரியோஃபிலினில் மட்டும் இந்த இடைவெளி சுருங்குகிறது. சுண்டெலிக்குக் கொடுத்த 5 மில்லிகிராமை இதே முறையில் மாற்றினால் (சுண்டெலிக்கு வகுக்கவேண்டியது 12.3) 60 கிலோ ஆளுக்கு 24 மில்லிகிராம் அளவில் வரும். ஒரு கிராம் மிளகில் சில மில்லிகிராம் காரியோஃபிலின் இருக்கலாம். மிளகு தாராளமாக விழுந்த பத்தியக் கறி அந்த எண்ணைக் கிட்டத்தட்டத் தொடக்கூடும். ஆனால் கணக்குத் தொட்டது என்பதற்காக மனிதரிலும் வீக்கம் வடியும் என்று ஆகிவிடாது. சுண்டெலி சுண்டெலிதான்.

குசினியில் மணத்தைக் காப்பது

இவ்வளவு சொன்ன பிறகு, இருக்கிற சொற்பத்தையாவது வீணாக்காமல் இருப்பது நல்லது.

கொத்தமல்லிக்கு: இரண்டு மேசைக்கரண்டி விதை (ஏறத்தாழ 10 கிராம்), அரை லீட்டர் தண்ணீர், தட்டிய இஞ்சி ஒரு துண்டு. வறுப்பதானால் ஈரம் போக இளஞ்சூட்டில் ஒரு நிமிடம் போதும். கறுக்க வறுத்தால் லினலூல் அடுப்பிலேயே முடிந்துவிடும், மிஞ்சுவது கருகல் மணம். முதலில் இஞ்சியைப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள், அதன் உறைப்புப் பறக்காது. பிறகு மல்லியை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டு, மூடி, நெருப்பைக் குறைத்து ஐந்து நிமிடம். இறக்கியும் மூடியபடி பத்து நிமிடம். மூடியின் உட்புறத்தில் நிற்கும் துளிகளைச் சட்டிக்குள்ளேயே தட்டிவிடுங்கள். ‘அரைக்கரைவாசியாக வற்றவை’ என்ற பழைய முறை வேருக்கும் பட்டைக்கும் பொருந்தும். இலைக்கும் மணவிதைக்கும் அது நட்டம்.

கறிக்கு: வாசனை எண்ணெய் கொழுப்பில் கரையும் என்பதால் தேங்காய்ப்பாலும் தாளிதமும் அதைப் பிடித்துவைக்கும் நல்ல ஏற்பாடு. சொதியில் கறிவேப்பிலையை இறக்குவதற்குச் சற்று முன் கசக்கிப் போட்டு மூடினால், முதலிலிருந்தே கொதித்ததைவிட மணம் அதிகம் தங்கும். தாளிக்கும்போது எண்ணெய் புகையக்கூடாது. புகையும் எண்ணெயில் விழுந்த இலை சடசடவென்று வெடிக்கும், அதோடு மணமும் போகும்.

இடித்த சரக்குத்தூள் முழுச் சரக்கைவிட வேகமாக மணமிழக்கும். மாதக்கணக்குக்குச் சேர்த்து இடித்து, வெயில் படும் யன்னலோரம் கண்ணாடிப் போத்தலில் வைப்பது பார்க்க அழகு, அவ்வளவுதான். கறிவேப்பிலையையும் கற்பூரவள்ளியையும் வெயிலில் காயவைக்காதீர்கள். நிழல் காற்றில் உலர்த்துங்கள்.

வேது பிடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கற்பூரவள்ளி ஆவி மூக்கை இளக்கிச் சுகம் தரும். ஆனால் தடிமனைச் சீக்கிரம் மாற்றும் என்று உறுதியாகவில்லை. கொதிதண்ணீர் கவிழ்ந்து பிள்ளைகள் வெந்துபோவதோ நிச்சயமான ஆபத்து. பாத்திரத்தை நிலத்தில் வையுங்கள், மடியில் வேண்டாம். பிள்ளையைப் போர்வைக்குள் தனியே விடவேண்டாம்.

போத்தலைத் திறக்குமுன்

கடையில் வாங்கிய வடித்த எண்ணெயில் ஒரு மில்லிலீட்டர் ஏறத்தாழ 20 துளி. கராம்பு எண்ணெயில் ஒரு துளி 50 மில்லிகிராமுக்குச் சற்று மேல். அதில் யூஜினோல் 40 மில்லிகிராம் சொச்சம். ஒரு கராம்பிலோ 10 மில்லிகிராம் அளவு. ஆகவே ஒரு துளி நாலு கராம்பு. ஒரு தேக்கரண்டி நானூறு கராம்பு!

உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டாக நடத்தும் நிபுணர் குழு, யூஜினோலுக்கு நாளொன்றுக்குக் கிலோ நிறைக்கு 2.5 மில்லிகிராம் வரை என்று எல்லை வைத்திருக்கிறது. 60 கிலோ ஆளுக்கு 150 மில்லிகிராம். புரியாணியில் ஆளுக்கு ஒன்றிரண்டு கராம்பு வருவது அதற்கு வெகு கீழே. 10 கிலோ குழந்தைக்கு எல்லை 25 மில்லிகிராம். ஒரே துளியில் அது தாண்டிவிடுகிறது. 5 முதல் 10 மில்லிலீட்டர் கராம்பு எண்ணெயை விழுங்கிய சின்னப் பிள்ளைகள் ஈரல் பழுதாகி மயங்கிய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அதனால் வடித்த எண்ணெயை வாய்க்குக் கொடுக்கவேண்டாம், தேனில் கலந்தும் வேண்டாம்.

தோலில் பூசுவதானால் தேங்காய் எண்ணெயில் கலக்கவேண்டும். இரண்டு மேசைக்கரண்டி (30 மில்லிலீட்டர்) தேங்காய் எண்ணெய்க்கு 6 துளி விட்டால் 1 வீதம். கராம்புக்கும் கறுவா இலைக்கும் அதில் பாதி, 3 துளிக்கு மேல் போகாதீர்கள். எலுமிச்சைப் புல்லுக்கு 4 துளி. கறுவாப் பட்டை எண்ணெயைத் தோலுக்கு எடுக்கவே வேண்டாம். சினமல்டிகைட்டு மிகக் குறைந்த அளவிலேயே ஒவ்வாமையைக் கிளப்பும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். புண், கண், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை, இவற்றின் கிட்டப் போகவே கூடாது. யூக்கலிப்டசு, கற்பூரம் உள்ள எதையும் கைக்குழந்தையின் மூக்கடியில் பூசவேண்டாம், மூச்சு திணறும்.

அழற்சியைத் தணிக்கும் என்று பூசிய எண்ணெயே, கலக்காமல் பூசினால் தோலைச் சிவக்கவைத்துச் சுட்டு வீங்கவைக்கும். செல்சஸ் சொன்ன நாலு அடையாளமும் அப்படியே வந்துவிடும். எரிந்தால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்; எண்ணெய் தண்ணீரில் கரையாது, பரவும். தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் துணியால் துடைத்தெடுத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் மட்டும் சுத்தமான தண்ணீரால் பதினைந்து நிமிடம் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். இலங்கையில் 1990 அம்புலன்சை அழைத்து, போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

யூஜினோலுக்கு அஸ்பிரின் மாதிரியே குருதிச் சிறுதட்டுகள் ஒட்டுவதைக் குறைக்கும் குணமும் உண்டு. குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்களும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் வடித்த எண்ணெயைத் தொடவேண்டாம். கறியில் போடும் கராம்புக்கு இந்தப் பயம் இல்லை. நம் பக்கத்தில் கார்த்திகை, மார்கழி மழையோடு டெங்கு ஏறும் காலம் வரும். அப்போது காய்ச்சலும் உடம்புக் குத்தும் வந்தால் பரசிட்டமோல் மட்டுந்தான். அஸ்பிரினும் இபுபுரூஃபனும் கூடாது, அதே நியாயத்தில் இந்த எண்ணெய்களும் கூடாது. கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கலாம், நீராகாரம் எப்படியும் வேண்டும். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் குருதிப் பரிசோதனைக்குப் போங்கள்.

வாங்கும்போது சுட்டியில் தாவரத்தின் விஞ்ஞானப் பெயரும், இலையா பட்டையா மொட்டா என்பதும் இருக்கவேண்டும். வெறும் ‘வாசனை’ என்றிருந்தால் அது சாமிப்படத்துக்கு முன்னால் எரிக்கத்தான் சரி. ஒரு துளியைக் கடதாசியில் விட்டு மறுநாள் பாருங்கள்: எலுமிச்சைப் புல் எண்ணெய் பெரும்பாலும் பறந்திருக்கும், தேங்காய் எண்ணெய் கலந்திருந்தால் கொழுப்பு வளையம் நிற்கும். கராம்பு எண்ணெய் மெதுவாகப் பறப்பதால் அதற்குக் கண்ணாடிக் குவளைத் தண்ணீர்தான் நல்ல சோதனை. நல்ல கராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது, துளி அடிக்குப் போகும். எலுமிச்சைப் புல் எண்ணெய் மிதக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கபில நிறக் கண்ணாடிப் போத்தலில், இறுக்கி மூடி, குளிர்ந்த இருட்டில் வையுங்கள். ரெஜிபோம் கோப்பையில் ஊற்றினால் கோப்பை உருகி ஒழுகக்கூடும். நம்மூர் வெக்கையில் பாதி காலியான போத்தல் சீக்கிரம் கெடும்: உள்ளே நிற்கும் காற்றோடு லினலூலும், எலுமிச்சைத் தோலில் மணக்கும் லிமொனீனும் சேர்ந்து புதுப் பொருட்களாக மாறும், தோல் ஒவ்வாமைக்கு மூல எண்ணெயைவிட அவைதான் பெரிய காரணம். திறந்த திகதியைப் போத்தலில் எழுதி ஒட்டிவிடுங்கள். மணம் புளித்தோ வார்னிஷ் மாதிரியோ மாறியிருந்தால், எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் எறியுங்கள்.